எட்டு வயது நிறைந்தால் பூஸ்டர் இருக்கையை எடுத்துவிடலாமா?

வெயில்நதி:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு அடுத்த மாதம் எட்டு வயது நிறைகிறது. உயரம் 124 செ.மீ., எடை 23 கிலோ. எங்கள் பகுதிச் சட்டப்படி, காரில் பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கை எட்டு வயது வரைதான் கட்டாயம். பிறந்த நாளன்றே அதைக் காரிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அவள் இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். வகுப்புத் தோழிகள் யாரும் அதில் உட்காருவதில்லையாம். என் கணவரும், "சட்டமே போதும் என்று விட்டுவிட்ட பிறகு நாம் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்?" என்கிறார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று இருவருக்கும் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "சட்டம்" என்ற ஒரு சொல்லைத் தாண்டி, ஒரு குழந்தைக்கும் புரிகிற காரணம் எனக்கு வேண்டும்.

சாலைத்துணை:

வணக்கம் சகோதரி. குழந்தை இருக்கைகளைக் காரில் சரியாகப் பொருத்திக் காட்டப் பயிற்சி பெற்றவன் நான். பெற்றோர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதே கேள்வியைத்தான். 124 செ.மீ. உயரத்தில் எடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைச் சொல்கிறேன்.

காரில் இருக்கும் சீட் பெல்ட் வளர்ந்தவர்களின் உடலளவுக்குச் செய்யப்பட்டது. மோதலின்போது அது உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று இடுப்பெலும்பு, மற்றொன்று தோளும் மார்புக்கூடும். உடலின் வலுவான எலும்புகள் இருப்பது அங்கேதான். பூஸ்டர் இருக்கை குழந்தையைத் தானே பிடித்து வைப்பதில்லை. பிடிப்பது எப்போதும் சீட் பெல்ட்தான். குழந்தையைச் சற்று உயர்த்தி உட்கார வைத்து, கீழ்ப்பட்டை வயிற்றில் விழாமல் தொடையின் மேற்பகுதியில் படியவும், மேல்பட்டை கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவே செல்லவும் வழி செய்வதுதான் பூஸ்டரின் வேலை.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. கார் இருக்கையின் ஆழம் பெரியவர்களின் தொடை நீளத்துக்கு ஏற்றது. சிறுமி ஒருத்தி அதில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் முழங்கால் இருக்கையின் விளிம்பை எட்டாது. கால்கள் நீட்டியபடி இருக்கும். அப்படி நெடுநேரம் யாராலும் உட்கார முடியாது. பத்து நிமிடத்தில் இடுப்பை முன்னால் தள்ளி, முதுகை வளைத்து, சரிந்து உட்காருவாள். அவள் சரியச் சரிய, தொடையில் இருந்த பட்டை மேலேறி வயிற்றுக்கு வந்துவிடும். புறப்படும்போது நீங்கள் சரியாகப் போட்டுவிட்ட பெல்ட், பாதி வழியில் தவறான இடத்தில் இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் தோளில் பட்டை தெரியும். வயிற்றில் நடப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது.

எனவே வயதை விட்டுவிட்டு இப்படிச் சோதியுங்கள். பூஸ்டரை எடுத்துவிட்டு மகளைக் கார் இருக்கையிலேயே உட்கார வையுங்கள். முதுகு முழுவதும் பின்சாய்வோடு ஒட்டியிருக்க வேண்டும். அந்த நிலையிலேயே முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்கிப் பாதம் தரையில் படிய வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றைத் தொடாமல் தொடையோடு தொடையாகக் கிடக்க வேண்டும். மேல்பட்டை கழுத்துக்கும் தோள் விளிம்புக்கும் நடுவே போக வேண்டும். கடைசியாக, பயணம் முடியும் வரை, தூங்கினாலும், அதே நிலையில் அவளால் இருக்க முடிய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பூஸ்டர் தேவை. பெரும்பாலான பிள்ளைகள் ஏறக்குறைய 145 செ.மீ. உயரம் வந்த பிறகுதான் இதில் தேறுகிறார்கள். அது பொதுவாக 10 முதல் 12 வயதில் நடக்கும்.

கல்மண்டபம்:

மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். சட்டம் இயற்றுகிறவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர். எட்டு வயது என்று வைத்திருக்கிறார்கள் என்றால் ஆராய்ந்துதான் வைத்திருப்பார்கள். அதற்கு மேலும் ஒரு கட்டு, அதற்கு மேலும் ஒரு கட்டு என்று போனால் முடிவே கிடையாது. என் தலைமுறையில் யாருக்கும் பூஸ்டர் இருந்ததில்லை. பின்னிருக்கையில் பெல்ட்டே இல்லாமல் வளர்ந்தோம்.

இன்னொன்றும் கேட்கிறேன். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், அந்நாட்டின் 1975 முதல் 2003 வரையிலான உயிரிழப்பு விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து, இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் உயிரைக் காப்பதில் சாதாரண சீட் பெல்ட்டும் குழந்தை இருக்கையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எழுதினார். அதற்கு உங்கள் பதில் என்ன?

மூவர்_தந்தை:

கல்மண்டபம் ஐயா கேட்டதில் நியாயம் இருக்கிறது. எனக்கு மூன்று பிள்ளைகள், ஒரே கார், அதுவும் சிறியது. மூன்று இருக்கைகளைப் பின்வரிசையில் வைத்தால் கதவு சாத்தாது. சட்டம் எழுதுகிறவர்கள் இதையும் யோசித்தார்களா?

மஞ்சள்விளக்கு:

கல்மண்டபம் ஐயா, நான் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி வருகிறேன். லெவிட்டின் ஆய்வு எனக்கும் தெரியும். அதன் மீது எழுந்த முதன்மையான விமர்சனம் இது: அவர் எடுத்துக்கொண்ட பதிவுகள் யாராவது ஒருவராவது உயிரிழந்த விபத்துகளை மட்டும் கொண்டவை. குழந்தை இருக்கை நன்றாக வேலை செய்து எல்லோரும் பிழைத்துக்கொண்ட விபத்துகள் அந்தப் பதிவில் இடம்பெறுவதே இல்லை. அதைச் சரிக்கட்ட அவரும் வழி தேடினார். ஆனால் 2006ஆம் ஆண்டில் வேறொரு குழு மற்ற விபத்துகளின் தரவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம், மிகத் தவறாகப் பொருத்தப்படாத குழந்தை இருக்கைகள் சீட் பெல்ட்டைவிட உயிரிழப்பு அபாயத்தை 28 சதவீதம் குறைப்பதாகக் கண்டது.

அதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது வேறு. உயிர் பிழைத்தார்களா இல்லையா என்பது மட்டுமே அளவுகோல் ஆகாது. எங்கள் பிரிவுக்கு வரும் பிள்ளைகள் உயிரோடுதான் வருகிறார்கள்.

வளர்ந்தவரின் இடுப்பெலும்பின் முன்பக்கம் இருபுறமும் ஒரு முனை துருத்தி நிற்கும். உங்கள் இடுப்பில் கை வைத்தால் தட்டுப்படும். பட்டை மேலே வழுக்காமல் தடுப்பது அந்த முனைதான். சிறு பிள்ளைகளுக்கு அது இன்னும் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. எனவே மோதும்போது பட்டை எளிதாக வழுக்கி மென்மையான வயிற்றுக்குள் இறங்குகிறது. உடல் அந்தப் பட்டையின் மேலேயே இரண்டாக மடிகிறது. குடல் கிழிகிறது, இடுப்புப் பகுதி முதுகெலும்பு விரிந்து முறிகிறது, சில வேளைகளில் தண்டுவடமும் பாதிக்கப்படுகிறது. மருத்துவத்தில் இதற்கு "சீட் பெல்ட் நோய்க்குறித் தொகுப்பு" என்றே பெயர் இருக்கிறது.

வயிற்றின் குறுக்கே நீலமாகக் கன்றிய ஒரு கோடு. பட்டையின் அகலம் அப்படியே பதிந்திருக்கும். குழந்தை பேசிக்கொண்டிருக்கும், தண்ணீர் கேட்கும். பெற்றோர் "வெளிக்காயம்தான், பெல்ட் காப்பாற்றிவிட்டது" என்று நிம்மதியாக இருப்பார்கள். அந்தக் கோட்டைப் பார்த்தவுடன் நாங்கள் குழந்தைக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் மருத்துவரை அழைத்துவிடுவோம். ஏனென்றால் உள்ளே குடல் கிழிந்திருந்தாலும் முதல் சில மணி நேரம் வெளியே தெரியாமல் போகலாம். விபத்துக்குப் பிறகு உங்கள் பிள்ளையின் வயிற்றில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்தால், வலி இல்லை என்று குழந்தை சொன்னாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு, வெறும் சீட் பெல்ட்டோடு ஒப்பிட்டால் பூஸ்டர் கடுமையான காயத்தின் அபாயத்தை 45 சதவீதம் குறைக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அந்த 45 என்ற எண்ணுக்குள் இருக்கும் பிள்ளைகளின் முகங்களை நான் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாலைத்துணை:

மஞ்சள்விளக்கு அம்மா சொன்னதற்குமேல் உடலைப் பற்றி நான் சேர்க்க ஒன்றுமில்லை. சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கல்மண்டபம் ஐயா, ஆராய்ந்துதான் எட்டு வயது என்று வைத்தார்கள் என்றால், மற்ற நாடுகள் ஆராயாமலா வேறு எண்களை வைத்திருக்கின்றன? பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை. ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் 12 வயது அல்லது 150 செ.மீ. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு ஆணை 150 செ.மீ. என்று வைத்து, உறுப்பு நாடுகள் விரும்பினால் 135 வரை குறைத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 8 வயது, 36 கிலோ, 145 செ.மீ. மூன்றில் ஒன்றை எட்டினால் போதும்; பக்கத்து மாகாணமான கியூபெக்கில் 2019 முதல் 9 வயது அல்லது 145 செ.மீ. ஆஸ்திரேலியாவில் 7 வயது. சிங்கப்பூரில் 135 செ.மீ. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த 194பி பிரிவு, 14 வயது நிறையாத பிள்ளை சீட் பெல்ட்டாலோ குழந்தைப் பாதுகாப்பு இருக்கையாலோ கட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. இரண்டில் எது என்பதை அந்தப் பிரிவு உயரத்தைக் கொண்டு பிரிக்கவில்லை.

ஒரே உடல், எல்லையைக் கடந்தால் வேறு சட்டம். எட்டு வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் ஏறக்குறைய 127 செ.மீ. பெல்ட் சரியாகப் பொருந்தும் 145க்கு இன்னும் ஏறக்குறைய ஒரு சாண் குறைவு. சட்டம் சொல்லும் வயது, நடைமுறைக்காக வகுத்த ஒரு கோடு. அபராதம் விதிக்கும் எல்லை அது. சட்டத்தின்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. சட்டம் வந்த பிறகுதான் பல குடும்பங்கள் முதன்முறையாகப் பூஸ்டர் வாங்கின. ஆனால் குழந்தையின் இடுப்பெலும்பு எப்போது தயாராகும் என்பதை எந்தச் சட்டமும் சொல்வதில்லை.

பழைய தலைமுறை பற்றி: பெல்ட் இல்லாமல் வளர்ந்து இன்று இங்கே எழுதுகிறவர்கள் பிழைத்தவர்கள். பிழைக்காதவர்கள் எந்த விவாதத்திலும் வந்து எழுதப் போவதில்லை.

கல்மண்டபம்:

நீங்கள் இருவரும் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பெல்ட் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை என்றால் அது காரின் குறை அல்லவா? அதை ஏன் பெற்றோரின் தலையில் கட்ட வேண்டும்? கார் செய்கிறவர்கள் இருக்கையிலேயே இதற்கு வழி செய்யட்டுமே.

சாலைத்துணை:

மிகச் சரியான கேள்வி. வழி இருக்கிறது, செய்தும் காட்டியிருக்கிறார்கள். இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959இல் அறிமுகப்படுத்திய அதே வோல்வோ நிறுவனம், 1990இல் பின்னிருக்கைக்குள்ளேயே மடித்து வைக்கும் பூஸ்டரைக் கொண்டுவந்தது. அது எல்லாக் கார்களிலும் பரவவில்லை என்பது எனக்கும் வருத்தம்தான்.

சட்டம் கார் நிறுவனங்களை நகர்த்திய கதையும் உண்டு. 1996இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பெரியவர்களுக்கான சீட் பெல்ட் மட்டும் அணிந்திருந்து, விபத்தில் அதிலிருந்து நழுவி வெளியே வீசப்பட்டு இறந்தான். அவன் தாய் விடாமல் போராடினார். 2000ஆம் ஆண்டில் அந்த மாநிலம் பூஸ்டர் சட்டம் இயற்றியது. 2002இல் அவன் பெயராலேயே, ஆன்டன் சட்டம் என்று, ஒரு தேசியச் சட்டமும் வந்தது. பின்வரிசையின் நடு இருக்கைக்கும் தோளுக்கு மேல் செல்லும் பட்டையுடன் கூடிய பெல்ட் வைக்க வேண்டும் என்று கார் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது அதுதான். அதற்கு முன் பல கார்களில் நடுவில் இடுப்புப் பட்டை மட்டுமே இருந்தது.

மூவர்_தந்தை அவர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் காரின் நடு இருக்கையில் இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால் அங்கே பூஸ்டர் வைக்கவே கூடாது. மேல்பட்டை இல்லாமல் உயர்த்தி உட்கார வைத்தால் தலை முன்னால் பாயும் தூரம் கூடிவிடும். மூன்று முனை பெல்ட் இருந்தால், பூஸ்டரில் மிகக் குறுகலான வகைகள் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் பின்வரிசையின் அகலத்தைக் கதவருகே அளக்காமல், பெல்ட் கொக்கிகள் இருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள். இரண்டு பூஸ்டர்களுக்கு இடையே கொக்கி புதைந்துபோவதுதான் பெரும்பாலும் சிக்கல், கதவு இரண்டாவதுதான். பிரிட்டனின் சட்டம் இதை யோசித்திருக்கிறது: பின்னால் ஏற்கெனவே இரண்டு குழந்தை இருக்கைகள் இருந்து மூன்றாவதற்கு இடமில்லை என்றால், மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளை பெரியவர் பெல்ட்டோடு அமரலாம் என்று விலக்கு தருகிறது. அந்த நிலை வந்தால் மூவரில் உயரமான பிள்ளைக்கே அந்த இடத்தைக் கொடுங்கள்.

மூவர்_தந்தை:

கொக்கி இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நாளை காலை அளந்துவிட்டு எழுதுகிறேன்.

பனங்காடு:

இழையோடு ஒட்டிய கேள்விதான் என்பதால் இங்கேயே கேட்கிறேன். என் மகனுக்குப் பதினான்கு மாதம். பின்னோக்கிய இருக்கையில் கால் மடங்கிக் கிடக்கிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது. முன்னோக்கித் திருப்பிவிடலாமா? என் அம்மா, "பக்கத்துத் தெருவுக்குத்தானே, நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்கிறார்.

மஞ்சள்விளக்கு:

தம்பி, திருப்ப வேண்டாம். கைக்குழந்தையின் தலை அதன் உடல் அளவுக்கு மிகப் பெரியது. பிறக்கும்போது மொத்த நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அதைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் பாதி குருத்தெலும்பாகவே இருக்கின்றன. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலையை யாரும் பிடிப்பதில்லை. முழு விசையும் கழுத்துக்குப் போகும். பின்னோக்கி அமர்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் முதுகுப்பகுதி ஒன்றாக ஏந்திக்கொள்கிறது. ஐ.நா.வின் ஆர் 129 என்ற குழந்தை இருக்கை விதிப்படி 15 மாதம் நிறையும் முன் முன்னோக்கித் திருப்பவே கூடாது. 15 மாதம் என்பது குறைந்தபட்சம்தான். ஸ்வீடனில் நான்கு வயது வரைகூடப் பின்னோக்கியே அமர்த்துகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018 முதல் வயதைச் சொல்வதையே விட்டுவிட்டு, இருக்கை அனுமதிக்கும் அதிகபட்ச உயரம் அல்லது எடை வரும் வரை பின்னோக்கியே வைக்கச் சொல்கிறது.

கால் மடங்குவது பிள்ளைகளுக்கு இயல்பான நிலை. தரையில் விளையாடும்போது எப்படிக் காலை மடக்கி உட்காருகிறான் என்று பாருங்கள்.

மடி விஷயத்தில் அம்மாவின் மனம் நோகாமல் சொல்லுங்கள், ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதுவது மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மோதும் கணத்தில் வேகம் குறையும் விசை புவியீர்ப்பைப் போல 30 மடங்கு என்று வைத்துக்கொண்டால், பத்துக் கிலோ குழந்தையைக் கையில் நிறுத்தி வைக்க முந்நூறு கிலோவைத் தாங்கும் வலு வேண்டும். எந்தப் பாட்டியின் அன்புக்கும் அந்த வலு கிடையாது. பெல்ட் போடாத பெரியவராக இருந்தால் அவர் உடலே குழந்தையை நசுக்கும்.

இன்னொன்று: பின்னோக்கிய இருக்கையை ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகம் இருக்கையின் முதுகுப்புறத்தை, அதாவது குழந்தையின் தலை இருக்கும் இடத்தை, நேராகத் தாக்கும். பின்வரிசையே சரியான இடம். பதின்மூன்று வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான்.

பனங்காடு:

நன்றி அக்கா. இதை அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

வெயில்நதி:

எல்லோருக்கும் நன்றி. சாலைத்துணை ஐயா சொன்ன சோதனையை இன்று மாலை மகளையே வைத்துச் செய்தோம். அவளிடம், "நீ தேறினால் நானே எடுத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். என் கணவரின் காரில் இருக்கை ஆழம் குறைவு. முழங்கால் விளிம்புக்கு வந்தது போலவே இருந்தது. கால்விரல் நுனி தரையைத் தொட்டது. தேறிவிட்டேன் என்று கைதட்டினாள். மேல்பட்டை மட்டும் கழுத்தோரம் ஏறிக் கிடந்தது. என் காரில் உட்கார வைத்தால் கால் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பெல்ட்டைப் போட்டுவிட்டு ஒரு கதை சொல்லச் சொன்னேன். கதை பாதி போவதற்குள் இடுப்பு முன்னால் வந்துவிட்டது. அவள் வயிற்றில் கை வைத்து, "பட்டை இப்போது எங்கே இருக்கிறது என்று நீயே பார்" என்றேன். தொப்புளுக்கு மேல் கிடந்தது. அவளுக்கே ஆச்சரியம். என் கணவரும் குனிந்து பார்த்துவிட்டு, "அடுத்த ஆண்டு மறுபடி பார்க்கலாம்" என்றார்.

ஒரே பிள்ளை, இரண்டு கார்களில் இரண்டு முடிவு. இது எப்படி?

சாலைத்துணை:

அதுதான் இயல்பு, சகோதரி. இருக்கையின் ஆழம், பெல்ட் மேலே தொடங்கும் இடம், கொக்கியின் தண்டு நீளம் எல்லாம் காருக்குக் கார் மாறும். எனவே மற்றவர் காரில் ஏறும்போதும் அந்தக் காரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் கணவரின் காரிலும் பட்டை கழுத்தோரம் வந்ததால் அவள் தேறவில்லை. கழுத்தை உரசும் பட்டையைப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? அக்குளுக்குக் கீழே செருகிக்கொள்வார்கள், அல்லது முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். அப்போது மேலுடம்பைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. விலாவெலும்பும் வயிறும் முழு அடியையும் வாங்கும்.

"சின்னப் பிள்ளை இருக்கை" என்ற கேலிக்கு ஒரு வழி உண்டு. இப்போது வைத்திருப்பது முதுகுள்ள பூஸ்டர் என்றால், அவள் உயரத்துக்கும் எடைக்கும் அனுமதி உள்ள முதுகில்லாத பூஸ்டர் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை. ஆனால் முதுகில்லாததை வைப்பதென்றால் கார் இருக்கையின் தலைச்சாய்வு அவள் காதின் மேல்விளிம்பு வரையாவது இருக்க வேண்டும். பக்கவாட்டு மோதலில் தலைக்குக் காப்பு தருவது முதுகுள்ள வகைதான் என்பதால், தூங்கிவிடும் நீண்ட பயணங்களுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 2017 முதல் புதிதாக அனுமதி பெறும் முதுகில்லாத பூஸ்டர்கள் 125 செ.மீ., 22 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று வரையறுத்திருக்கிறார்கள். உங்கள் மகள் அந்த எல்லைக்கு ஒரு செ.மீ. தொலைவில் இருக்கிறாள்.

ஆலமரத்தடி:

நான் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் தாத்தா. என் மருமகள் தன் பழைய பூஸ்டரை என் காருக்குக் கொடுத்திருக்கிறாள். அது எத்தனை ஆண்டு பழையது என்று தெரியவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. போதுமா?

சாலைத்துணை:

ஐயா, அதைத் திருப்பிப் போட்டு அடிப்பகுதியைப் பாருங்கள். தயாரித்த தேதியோ பயன்பாட்டு முடிவு தேதியோ பிளாஸ்டிக்கில் அச்சாகியோ ஒட்டப்பட்டோ இருக்கும். வெயிலிலும் குளிரிலும் பிளாஸ்டிக் வலுவிழக்கும்; பல தயாரிப்பாளர்கள் ஆறு முதல் பத்து ஆண்டுகள் வரை என்கிறார்கள். தேதி தெரியாவிட்டாலோ, அது ஏற்கெனவே பெரிய விபத்தைச் சந்தித்ததா என்று உறுதியாகத் தெரியாவிட்டாலோ பயன்படுத்த வேண்டாம். விபத்தில் பட்ட விரிசல் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கலாம். மருமகளிடம் இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

தேதி சரி என்றால், பட்டையைப் போடும்போது கீழ்ப்பட்டை பூஸ்டரின் இரண்டு கைப்பிடிகளுக்கும் அடியில் போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பூஸ்டர்களில் அதுதான் வழி. கைப்பிடிக்கு மேலே போட்டால் பட்டை வயிற்றுக்கு உயர்ந்துவிடும், பூஸ்டர் வைத்த பயனே போய்விடும். அமெரிக்காவில் நடத்திய ஆய்வு ஒன்றில் 46 சதவீத இருக்கைகள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தன.  தடித்த குளிர்ச்சட்டை அணிந்திருந்தால் கழற்றிவிட்டுப் பெல்ட்டைப் போட்டு, சட்டையை மேலே போர்த்துங்கள். மோதும்போது சட்டையின் பஞ்சு நசுங்கி, இறுக்கமாகத் தெரிந்த பெல்ட் தளர்ந்துவிடும்.

ஆலமரத்தடி:

அடியில் பார்த்தேன். தேதி கடந்து மூன்று ஆண்டு ஆகிவிட்டது. இன்றே புதியது வாங்குகிறேன். நல்ல வேளை கேட்டேன் தம்பி.

கல்மண்டபம்:

எட்டு வயது எல்லையை அரசு மேலும் உயர்த்த வேண்டுமா என்பதில் என் கருத்து வேறாகவே இருக்கிறது. காரின் வடிவமைப்பு முதலில் மாற வேண்டும் என்பேன். ஆனால் அது மாறும் வரை வெயில்நதி அவர்களின் மகள் பூஸ்டரில்தான் இருக்க வேண்டும். செவிலியர் அம்மா எழுதியதை வாசித்த பிறகு இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

வெயில்நதி:

நன்றி ஐயா. கடைசியாக ஒரு சந்தேகம். வாரத்தில் இரண்டு நாள் அவள் தோழியின் காரில் வருவாள். அவசரத்துக்கு டாக்ஸியிலும் போவோம். பூஸ்டரைக் கூடவே கொடுத்தனுப்ப வேண்டுமா? எங்கள் காரில் அவள் இல்லாதபோது அதை அப்படியே வைத்திருக்கலாமா?

சாலைத்துணை:

தோழியின் காருக்கு, அவள் உயரத்துக்கும் எடைக்கும் அனுமதி உள்ள முதுகில்லாத பூஸ்டரைக் கொடுத்தனுப்புங்கள். பள்ளிப் பையோடு பிள்ளையே தூக்கிச் செல்லும் அளவுக்கு எடை குறைவானவை உண்டு. ஓட்டுபவரிடம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பல நாடுகளில் பிள்ளை சரியாகக் கட்டப்பட்டிருப்பதற்கு ஓட்டுபவர்தான் பொறுப்பு என்பதால் அவரும் தப்பாக நினைக்க மாட்டார். டாக்ஸிகளுக்குப் பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற இடங்களில் விலக்கு உண்டு. அந்த விலக்கு ஓட்டுநரை அபராதத்திலிருந்து காக்கும். மோதலில் மகளின் வயிற்றை அது காக்காது. மடித்துப் பையில் வைக்கும் வகைகளும் இருக்கின்றன. வாங்கும்போது உங்கள் நாட்டு அனுமதி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அவள் இல்லாதபோது பூஸ்டரைச் சும்மா விடாதீர்கள். பெல்ட்டைக் குறுக்கே போட்டுக் கொக்கியில் மாட்டி வையுங்கள், அல்லது எடுத்துப் பின்பெட்டியில் வையுங்கள். கட்டாத பூஸ்டர் மோதலின்போது பறந்து வந்து முன்னால் இருப்பவரின் தலையைத் தாக்கும். கார் இருக்கையில் உள்ள உலோக வளையங்களில் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் உள்ள பூஸ்டர் என்றால் அதுவே இருக்கையோடு பிணைந்திருக்கும், பெல்ட் தேவையில்லை.

மூவர்_தந்தை:

அளந்துவிட்டேன். கொக்கிகளுக்கு இடையே நான் நினைத்ததைவிட இடம் அதிகம். நடுவிலும் மூன்று முனை பெல்ட்தான். குறுகலான பூஸ்டர் இரண்டும் கடைக்குட்டியின் இருக்கையும் பொருந்தும் போலத் தெரிகிறது. வாங்குவதற்கு முன் காருக்குள் வைத்துப் பார்க்க விடும் கடையாகத் தேடுகிறேன்.